மனவுறுதி மருந்தாகுமா? குடிநோய் பற்றிய ஒரு நம்பிக்கைக்கு மறுப்பு

குடிப்பவர் விரும்பிக் குடிக்கிறார், விரும்பினால் நாளைக்கே விட்டுவிடலாம், விடாதவர் மனவுறுதி அற்றவர் அல்லது பெண்டு பிள்ளைகள்மீது பற்றற்றவர் என்னும் கருத்து, கற்றவர் கல்லாதவர் என்ற வேறுபாடின்றித் தமிழ்நாடெங்கும் நிலவுகிறது. பள்ளி மேடையில் மதுவின் தீமை பற்றிப் பேசும் மாணவரும், மருமகனைக் கண்டிக்க வரும் மாமனாரும், குடும்பத் தகராற்றை விசாரிக்கும் காவலரும் ஏறத்தாழ ஒரே சொற்களில் இதைச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாலும் அன்றாட அனுபவம் அதற்குச் சான்று சொல்வதுபோலத் தோன்றுவதாலும் இக்கருத்தை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதித்தால் அது நிற்காது. மனவுறுதி என்று எந்தத் திறனைச் சமூகம் போற்றுகிறதோ அந்தத் திறனையே படிப்படியாகச் சிதைப்பது குடிநோயின் இயல்பு. ஆகவே அந்தச் சிதைந்த திறனைக் கொண்டே நோயைத் தீர்த்துக்கொள் என்று நோயாளிக்குக் கட்டளையிடுவது, அறிவுரையின் வடிவில் அவரைக் கைவிடுவதாகவே முடிகிறது.

முதலில் இளைஞர்கள் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். மது அருந்துவோர் அனைவரும் குடிநோயாளிகள் அல்லர். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காகப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைப்பழக்கச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களுள் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர்; அவர்களுள் மதுவுக்கு அடிமையுற்ற நிலையில் இருப்போர் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர். இந்த இரண்டாம் தொகுதியினரையே மருத்துவம் குடிநோயாளிகள் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இந்நிலைக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவில் நிறுத்துவது என்னும் கட்டுப்பாடு குலைதல் முதலாவது. வேலை, உறவு, உடல்நலம் ஆகிய அனைத்தையும் பின்தள்ளி மது முன்னிடம் பெறுதல் இரண்டாவது. அளவு கூடினால்தான் போதை ஏறுதல், நிறுத்தினால் உடல் கொந்தளித்தல் ஆகிய உடலியல் மாற்றங்கள் மூன்றாவது. நிலவும் கருத்தின் அடிப்படைப் பிழை, முதல் தொகுதியினரிடம் காணும் சுதந்திரம் இரண்டாம் தொகுதியினரிடமும் இருப்பதாக எடுத்துக்கொள்வதே ஆகும்.

அந்தச் சுதந்திரம் எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதை மூளையின் இயக்கம் விளக்குகிறது. நரம்பணுக்களைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் ஆற்றலை மது கூட்டுகிறது. அவற்றைத் தூண்டும் குளூட்டமேட் என்னும் பொருளின் ஆற்றலைக் குறைக்கிறது. முதல் கட்டிங்கிலேயே அச்சம் தணிந்து பேச்சு பெருகுவதற்குக் காரணம் இதுதான். அதே வேளையில், இது உயிர்வாழ வேண்டியது, மீண்டும் நாடு என்று மூளைக்கு அறிவிக்கும் டோபமின் என்னும் பொருளும் சுரந்து, குடித்த இடத்தையும் நேரத்தையும் கூட்டாளிகளையும் நினைவில் பதித்துவிடுகிறது. நாள்தோறும் மது வந்துகொண்டிருந்தால், மூளை தன் சமநிலையைக் காத்துக்கொள்ளத் தணிக்கும் பக்கத்தைக் குறைத்துத் தூண்டும் பக்கத்தைப் பெருக்கிக்கொள்கிறது. அதன்பின் பழைய அளவு போதாமற்போகிறது. எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவரை நண்பர் வட்டம் பாராட்டுகிறது. மருத்துவர் பார்வையில் அதுவே நோய் தொடங்கியதன் அடையாளங்களுள் ஒன்று. நெடுநாள் பழக்கத்தில், பின்விளைவை எண்ணிப் பார்த்து ஆசையைத் தடுக்கும் முன்மூளைப் புறணியின் செயலும் நலிவடைகிறது. மனவுறுதி என்று பெயரிட்டு அழைக்கப்படும் ஆற்றல் பெரும்பகுதி இந்தப் புறணியைச் சார்ந்தே இயங்குகிறது.

இவ்வாறு மாறிய மூளையிடமிருந்து மதுவைத் திடீரெனப் பறித்தால் நேர்வது என்ன? ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலர் டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் நடுக்கப் பிதற்றத்தில் விழுந்து, இடமும் காலமும் மறந்து, இல்லாத உருவங்களைக் காண்பர். உரிய சிகிச்சை இல்லையேல் இது உயிரிழப்பில் முடியக்கூடும். ஆகவே பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து நான்கு நாள் கட்டுப்பாடாக இருக்கச் சொல்வது, மனவுறுதிக் கொள்கையின் மிக ஆபத்தான நடைமுறை. 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் டாஸ்மாக் மதுக்கடைகள் அடைக்கப்பட்டபோது குடித்துவந்தோருள் பெரும்பாலோர் அந்நாட்களைப் பெருந்துன்பமின்றிக் கடந்தனர். ஆனால் அடிமையுற்றோர் பலரால் அது முடியவில்லை. திருச்சிக்கு அருகிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்தில் முகச்சவர லோஷனைக் குடித்தோர் இறந்தனர். பெங்களூரில் வலிப்பும் பிதற்றமுமாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் தொகை கூடியதை மருத்துவர்கள் பதிவுசெய்தனர். கடையும் இல்லை, கூட்டாளியும் இல்லை, சட்டமும் தடுக்கிறது என்ற நிலையிலும் ஒருவர் லோஷன் புட்டியைத் திறக்கிறார் என்றால், அவரை விருப்பத்தின்பேரில் குடிப்பவர் என்று அழைப்பதில் பொருளில்லை.

மனவுறுதிக் கொள்கையினர் காட்டும் மிக வலுவான சான்று சபரிமலை விரதம். ஆண்டெல்லாம் குடிப்பவர் மாலை போட்டதும் ஒரு மண்டலம் மதுவைத் தொடாமல் இருக்கிறாரே, அப்படியானால் மனம் இருந்தால் முடியும்தானே என்று கேட்கப்படுகிறது. கடுமையாக அடிமையுற்றோர் அனைவராலும் அவ்வாறு இருக்க முடிவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, இருக்க முடிந்தவர்களின் நிலையைக் கூர்ந்து நோக்கினால் இச்சான்று எதிர்ப்பக்கத்துக்கே துணைநிற்கிறது. மாலை அணிந்தவரின் உடை மாறுகிறது. அதிகாலைக் குளியலும் மாலைப் பூசையும் அவருடைய நேரத்தை நிரப்புகின்றன. மனைவியும் பிள்ளைகளும் தெருவினரும் அவரைச் சாமி என்று மதிப்போடு அழைக்கின்றனர். பழைய கூட்டாளிகள் அவரை அழைப்பதில்லை. உடன் மாலை போட்டவர்கள் நாள்தோறும் கூடிப் பாடுகின்றனர். குருசாமி ஒருவர் கேட்பதற்கு இருக்கிறார். தூண்டுதல்கள் விலகி, மதிப்பும் ஒழுங்கும் துணையும் வந்து சேர்ந்த அந்நாட்களில் அவர் குடிக்காமல் இருக்கிறார். மாலையைக் கழற்றியதும் அவை அனைத்தும் ஒருசேர நீங்க, பலர் அதே வாரத்தில் கடைக்குத் திரும்புகின்றனர். மனவுறுதி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அது மாலையோடு கழன்று போயிருக்காது. விரதம் மெய்ப்பிப்பது சூழலின் ஆற்றலை. நல்ல மறுவாழ்வு மையம் ஒன்று செய்ய முயல்வதும் அத்தகைய சூழலை மண்டலத்துக்கு அப்பாலும் நீட்டிப்பதையே.

சிகிச்சை எதுவுமின்றித் தாமாகவே குடியை விட்டவர்கள் உண்டே என்பது அடுத்த தடை. உண்டு, அவர்கள் தொகையும் சிறிதன்று. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் குடிநோய் ஒரே அளவில் வருவதில்லை. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு பதினொரு அறிகுறிகளை வகுத்து, அவற்றுள் இரண்டு மூன்று உள்ளவரை இலேசான நிலையினர் என்றும், ஆறும் அதற்கு மேலும் உள்ளவரைக் கடும் நிலையினர் என்றும் பிரிக்கிறது. தாமாக விடுபடுவோருள் பலர் இலேசான நிலையிலேயே திருமணம், புதிய வேலை, நண்பர் வட்டத்தின் மாற்றம் போன்ற ஏதேனும் ஒரு பிடியைப் பெற்றவர்கள். இலேசான நிலையில் மீண்டவரைச் சான்றாக்கிக் கடும் நிலையில் உழல்பவரைப் பழிப்பது, காய்ச்சல் தானாக நீங்கியவரைக் காட்டி நிமோனியா நோயாளியைக் கண்டிப்பதற்கு ஒப்பாகும்.

ஒழுங்கும் கல்வியும் நிலையான வருவாயும் உள்ளவர்களை இந்நோய் அண்டாது என்னும் துணைக்கருத்து, கைலாசபுரம் போன்ற ஊர்களில் கூடுதல் தீங்கு செய்கிறது. திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலைக்காக அமைந்த இக்குடியிருப்பில் பள்ளிகளும் மருத்துவமனையும் விளையாட்டுத் திடல்களும் உண்டு. ஆலைச் சங்கின் நேரப்படி வாழ்ந்து பழகிய தலைமுறைகள் உண்டு. கற்றோரும் வசதியுள்ளோரும் இந்நோய்க்கு விலக்கல்லர் என்பதற்குத் தமிழ்நாட்டின் அறியப்பட்ட குடும்பம் ஒன்றின் வரலாறே சான்று: கணவர் டி. டி. ரங்கநாதனை இளம் வயதில் இந்நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயராலேயே 1980இல் சென்னையில் சிகிச்சை அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உடன் பணிபுரிவோரே அண்டை வீட்டாராகவும் வாழும் ஆலைக் குடியிருப்பில் ஒழுக்கக்கேடு என்னும் முத்திரை வீட்டிலும் பணியிடத்திலும் ஒருசேர விழுமாகையால், நோய் முற்றும்வரை குடும்பங்கள் அதை மூடிவைக்கின்றன. கொதிகலன் குழாயொன்று வெடித்தால் அந்த எஃகைப் பழிப்பதை விடுத்து, எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு காலத்தில் அது தளர்ந்தது என்று ஆராயும் பொறியியல் மரபில் வளர்ந்த ஊர், மனிதரின் தளர்ச்சியையும் அதே நிதானத்தோடு அணுகக் கூடியதே.

எவர் அடிமையாவார் என்பதை உறுதியின் அளவு தீர்மானிப்பதில்லை என்றால், எது தீர்மானிக்கிறது? இரட்டையரையும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளையும் கொண்டு நடந்த ஆய்வுகள், குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவதாகக் காட்டுகின்றன. சிறுவயதுத் துன்பம், மனச்சோர்வு, எளிதில் மது கிடைக்கும் நிலை ஆகியன மீதியில் பெரும்பங்கு கொள்கின்றன. இளைஞரைப் பொறுத்தவரை தொடங்கும் வயது மிக முதன்மையானது. அமெரிக்காவில் பிரிட்ஜெட் கிராண்ட், டெபோரா டாசன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்னரோ குடிக்கத் தொடங்கியோருள் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரும், 20 வயதுக்குப் பின் தொடங்கியோருள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரும் வாழ்வில் ஒரு கட்டத்தில் அடிமைநிலையை அடைந்திருந்தனர். முன்மூளைப் புறணி முழு வளர்ச்சி பெற இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆவதால், தடுக்கும் ஆற்றல் முற்றாத வயதில் ஆசையைத் தூண்டும் பொருள் வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்னும் விதி இளைஞரின் உரிமையைக் குறுக்குவதாகச் சிலர் கருதினாலும், உடலியல் அறிவு அவ்விதியின் பக்கமே நிற்கிறது.

எனக்கு நேராது, நான் அளவோடு நிறுத்திக்கொள்வேன் என்னும் இளைஞரின் நம்பிக்கையும் மனவுறுதிக் கொள்கையின் பிள்ளையே. அந்த அளவு என்ன என்று கணக்கிட்டால் உண்மை புலப்படும். 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 180 மில்லிலிட்டர் குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமை ஓர் அலகாகக் கொண்டால் அது ஆறு அலகு. எட்டு விழுக்காடு ஆல்கஹால் உள்ள 650 மில்லிலிட்டர் ஸ்ட்ராங் பீர் ஒன்றில் நான்கு அலகு இருக்கிறது. பீர்தானே என்று ஒரு மாலையில் இரண்டு புட்டிகளை முடிப்பவர், குவார்ட்டர் குடித்தவரைவிடக் கூடுதலாகவே குடித்திருக்கிறார். கல்லீரல் ஓர் அலகை முறிக்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வதால், இரவில் குடித்தது காலை வகுப்பிலும் பணிமனையிலும் உடலில் இருக்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. உடல்நலத்துக்குக் கேடற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

நோய் என்று சொல்லிவிட்டால் குடிப்பவர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பார், மனைவியை அடித்தவரும் நோயைக் காட்டித் தப்பித்துக்கொள்வார் என்னும் அச்சமே மனவுறுதிக் கொள்கையை விட்டுவிடப் பலரைத் தயங்கவைக்கிறது. இந்த அச்சம் மதிக்கத்தக்கது. அடிபட்ட பெண்களின் அனுபவத்திலிருந்து எழுந்தது. எனினும் நோயை ஏற்பது குற்றத்தை மன்னிப்பது ஆகாது. தாமாக விரும்பிக் குடித்தவரின் போதையைச் சட்டம் பொதுவாக விலக்காக ஏற்பதில்லை: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு ஒருவருக்கு அவர் அறியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்ட போதைக்கு மட்டுமே விலக்களித்தது, அதற்குப்பின் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே நிலையில் நிற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் குடித்திருந்தார் என்பதற்காக எவரையும் விட்டுவிடுவதில்லை. தவிர, நோயாளி என்ற நிலை அவருக்குப் புதிய பொறுப்பு ஒன்றைத் தருகிறது: சிகிச்சைக்கு வரவும் அதில் தொடரவும் வேண்டிய பொறுப்பு. கெட்டவன் என்ற முத்திரையிலோ செய்வதற்கு எதுவுமில்லை.

கள்ளைக் கடிந்த வள்ளுவரை மனவுறுதிக் கொள்கையினர் துணைக்கு அழைப்பதும் வழக்கம். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கண்டனம் கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் 93ஆம் அதிகாரமான அதனை அடுத்து, இழக்க இழக்கப் பற்று மிகும் விந்தையைச் சொல்லும் சூது அதிகாரமும், அதற்கு அடுத்து, நோயையும் அதன் மூலகாரணத்தையும் ஆராய்ந்து தீர்க்கச் சொல்லும் மருந்து அதிகாரமும் வைக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என நால்வகைப் பங்கு உண்டு என்று கூறும் அவ்வதிகாரம், குணமாகும் சுமை முழுவதையும் நோயாளியின் தலையில் ஏற்றவில்லை.

சுமை முழுவதையும் குடிப்பவர்மீது ஏற்றுவதால் நன்மை அடைவோர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2003 இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. புட்டியில் எச்சரிக்கை வாசகத்தை அச்சிட்டுவிட்டு வாங்குபவரே தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது விற்பவருக்கு வசதியான அறம். மனவுறுதிக் கொள்கை நிலவும்வரை, கடைகளின் தொகை, விற்பனை நேரம், சிகிச்சைப் படுக்கைகளின் போதாமை ஆகியவை குறித்து எவரும் விற்பவரிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை.

சிகிச்சை பயன் தராது என்பதும் மெய்யன்று. மதுவை நிறுத்திய விலகல் நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருத்துவமனையில் தணிப்பு மருந்துகளும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் தரப்படுகின்றன. பின்னர் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. உளவழி ஆலோசனையும் குடும்பத்துக்கான ஆலோசனையும் அவற்றோடு சேர்கின்றன. டைசல்ஃபிராம் என்னும் மருந்து உட்கொண்டவர் குடித்தால் உடல் கடுமையாக எதிர்வினை காட்டும். இதனை அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகும். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், மதுவின் முன் தம் வலிமை செல்லாது என்று ஒப்புக்கொள்வதையே முதற்படியாக வைத்தது. குடியை விட்டவர்களே மனவுறுதிக் கொள்கைக்கு எதிராகத் தரும் சாட்சியம் இது. மீண்டும் சறுக்குவதும் தோல்விக்குச் சான்றாகாது: நீண்டகால நோய்களோடு போதை அடிமைநிலையை ஒப்பிட்டுத் தாமஸ் மெக்லெல்லனும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட கட்டுரை, இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்பும் வீதம் இதற்குக் குறைந்ததன்று என்று காட்டியது. அந்நோயாளிகளை எவரும் ஒழுக்கங்கெட்டவர் என்பதில்லை. ஆயினும் எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையுற்ற 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேருக்குக் கிடைப்பதெல்லாம் அறிவுரையும் வசையுமே.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மதுவால் விளையும் மனநலக் கேடுகளை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்து, சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறை நெறி, பணியிடத்தில் மதுச் சிக்கலை மற்ற உடல்நலச் சிக்கல்களைப் போலவே நடத்தவும், சிகிச்சை நாடும் தொழிலாளியின் செய்தியை மறைவாகக் காக்கவும் கோருகிறது. திருவெறும்பூர், துவாக்குடி, கைலாசபுரம் என நீளும் தொழிற்பகுதியில் ஒவ்வொரு ஆலையும் தொழிற்சங்கமும் இந்நெறியை எழுத்தில் ஏற்பது இன்றே செய்யக்கூடியது.

இளைஞர்களிடம் வேண்டுவது இரண்டு. முதலாவது, தம் உறுதியை நம்பித் தொடங்காதிருத்தல். ஏனெனில் எவருடைய மூளை எப்போது பிடிபடும் என்பதைக் குடித்துப் பார்த்து அறிய முயன்றவர்கள் அறியும்போது காலம் கடந்திருக்கும். இரண்டாவது, வீட்டிலோ நண்பரிடத்திலோ இந்நோய் இருந்தால் வெட்கத்தால் மறைக்காமல், கண்டிப்பதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல். தந்தையின் குடிக்குப் பிள்ளை காரணமன்று. பிள்ளையின் நல்ல மதிப்பெண்ணால் அது தீர்வதும் இல்லை. போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்களில் உதவி கிடைக்கும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளையும் நாடலாம். மனவுறுதி குடிநோயாளிக்கு வேண்டாததன்று. ஆனால் உடலும் சூழலும் தேறத் தேற அது திரும்பி வருகிறது. அதை முன்பணமாகக் கேட்டுச் சிகிச்சையின் வாயிலை அடைத்துவைக்க எவருக்கும் உரிமை இல்லை.